தினமும் பத்து நிமிடம்: பிள்ளைக்குக் கணக்கு கைவர ஒரு வழி

வாரம் முழுக்க விட்டுவிட்டு, விடுமுறை நாளில் பிள்ளையை இரண்டு மணி நேரம் பிடித்து உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்கிற பழக்கம் நிறைய வீடுகளில் உண்டு. எங்கள் வீட்டிலும் இருந்தது. முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் போகும், அப்புறம் பென்சில் சீவ வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், ரப்பரைக் காணோம், ஒரு மணி நேரம் தாண்டினால் மகளுக்கு அழுகை, எனக்குக் கோபம். அடுத்த வாரம் அதே கணக்கைக் கொடுத்தால் பாதி மறந்திருக்கும். ஒரு கட்டத்தில் அதை அடியோடு நிறுத்திவிட்டு, தினமும் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம் என்று மாற்றினோம். சில மாதங்களில் கணக்கு நோட்டைக் கண்டாலே முகம் சுருங்குவது நின்றுபோனது.

இது ஏன் பலிக்கிறது என்பது புதிய விஷயம் இல்லை. ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்று தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்று கண்டவர் அவர்தான். ஒரே நாளில் 68 தடவை படித்தால் கிடைக்கிற பலன், மூன்று நாளுக்குப் பிரித்துப் படித்தபோது 38 தடவையிலேயே கிடைத்தது என்பதும் அவருடைய கணக்குதான்.

ஆனால் கடிகாரத்தில் பத்து நிமிடம் ஓடினால் மட்டும் போதாது. நேற்று பிள்ளை எங்கே தடுமாறியதோ, அதை வைத்து இன்றைய கேள்வியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அச்சடித்த பயிற்சிப் புத்தகத்தில் இன்றைக்கு இந்தப் பக்கம், நாளைக்கு அடுத்த பக்கம் என்று போனால், தெரிந்ததையே திரும்பச் செய்துகொண்டிருப்பார்கள், தெரியாதது அப்படியே கிடக்கும். கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

நேரமும் இடமும்

ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒரு காரியத்தோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பள்ளி விட்டு வந்து கைகால் கழுவிய உடனே, அல்லது மாலை விளையாடப் போவதற்கு முன்னால். "நேரம் கிடைக்கும்போது" என்று வைத்தால் நாலாவது நாளே விட்டுப்போகும். தூக்கம் வருகிற நேரமும் பசி நேரமும் வேண்டாம்.

ஐந்து வயதுக்கு ஐந்து நிமிடமே அதிகம். ஏழிலிருந்து பத்து வயது வரை பத்து நிமிடம், அதற்கு மேல் பதினைந்து. வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் நல்லது. நேரம் முடிந்ததும் கையில் இருக்கிற கணக்கை முடித்துவிட்டு எழுந்துவிட வேண்டும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பிள்ளையே கேட்டால் கொடுங்கள், நீங்களாக நீட்டாதீர்கள். நன்றாகப் போகிறதே, இன்னும் பத்து போடட்டும் என்று நமக்கு ஆசை வரும். அந்த ஆசைதான் மறுநாள் பிள்ளையை ஓடி ஒளிய வைக்கும்.

உங்களுக்கென்று ஒரு சிறிய நோட்டு வேண்டும், பிள்ளைக்குக் காட்டத் தேவையில்லாத நோட்டு. தேதி போட்டு ஒரே ஒரு வரி: "8+5 விரல் விட்டாள், 6+7 சட்டென்று சொன்னாள்." அவ்வளவுதான். நாளைக்கு என்ன கேட்பது என்பதை அந்த வரியே சொல்லிவிடும்.

முதல் நாள் ஒரு தாளில் இருபது கணக்கு எழுதிக் கொடுங்கள், பிள்ளை படிக்கிற வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே இருந்து தொடங்கி மெல்ல மேலே போகிற மாதிரி. அவசரப்படுத்தாமல், திருத்தாமல், மதிப்பெண் போடாமல் வாங்கி, தேதி எழுதிப் பத்திரமாக வையுங்கள். எந்த இடத்தில் வேகம் குறைகிறதோ, எந்த இடத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கத் தொடங்குகிறார்களோ, அதற்கு ஒரு படி கீழேதான் உங்கள் ஆரம்பம். தினசரிக் கேள்விகளில் பத்துக்கு எட்டுக் கேள்வியாவது பிள்ளைக்கு வரக்கூடியதாக இருக்கட்டும். பாதிக்கு மேல் தப்பாகப் போனால் அன்றைக்கு நீங்கள் கேள்வியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். புதுப் பாடத்தை இந்த நேரத்தில் நுழைக்காதீர்கள், அதற்கு வேறு நேரம் ஒதுக்குங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு

ஐந்து, ஆறு வயதில் தாளும் பென்சிலும் தேவையே இல்லை. மாடிப்படி, பொத்தான், பகடை போதும். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு சோதனை செய்தார்கள். 1 முதல் 10 வரை வரிசையாகக் கட்டம் போட்ட எளிய பலகை விளையாட்டைப் பள்ளி செல்லும் வயது வராத பிள்ளைகளோடு இரண்டு வாரத்தில் நாலு தடவை விளையாடினார்கள், மொத்தமே ஒரு மணி நேரம்தான் வரும். எண்ணுவதிலும் எந்த எண் பெரிது என்று சொல்வதிலும் முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதே பலகையில் எண்ணுக்குப் பதில் வண்ணம் மட்டும் இருந்த விளையாட்டை ஆடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. காய் மூன்றாவது கட்டத்தில் நிற்கும்போது இரண்டு விழுந்தால், பிள்ளை "ஒன்று, இரண்டு" என்று எண்ணி நகர்த்தக் கூடாது, "நான்கு, ஐந்து" என்று கட்டத்தில் இருக்கிற எண்ணைச் சொல்லி நகர்த்த வேண்டும். நின்ற இடத்திலிருந்து மேலே எண்ணுகிற இந்தப் பழக்கம்தான் பின்னால் கூட்டலாகிறது. பாம்பு ஏணி விளையாடினாலும் இதே மாதிரி செய்யுங்கள்.

பள்ளியில் ஆங்கிலத்தில் எண்ணக் கற்றாலும் வீட்டில் தமிழிலும் எண்ணச் சொல்லுங்கள். முப்பத்து நான்கு என்ற சொல்லுக்குள்ளேயே மூன்று பத்தும் நான்கும் இருக்கின்றன. இடமதிப்பைத் தனியாகச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் பாதியை மொழியே செய்துவிடுகிறது. தொண்ணூறும் தொள்ளாயிரமும் மட்டும் கொஞ்சம் குழப்பும், நூறும் ஆயிரமும் வருகிற மாதிரி ஒலிப்பதால். அதைத் தனியாகச் சொல்லிவிட்டால் போதும்.

பத்தை வைத்து விளையாடுவது

கூட்டலில் முதலில் கைவர வேண்டியது பத்தின் ஜோடிகள்: 9-ம் 1-ம், 8-ம் 2-ம், 7-ம் 3-ம், 6-ம் 4-ம், 5-ம் 5-ம். நீங்கள் ஏழு விரல் காட்டினால் பிள்ளை "மூன்று" என்று சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம், இரண்டு வாரம் இதை மட்டும் செய்தால் போதும், பிறகு 8+5 கேட்டுப் பாருங்கள். எட்டுக்குப் பத்தாக இரண்டு வேண்டும், ஐந்திலிருந்து இரண்டை எடுத்தால் மீதி மூன்று, பதின்மூன்று. இந்த வழி பிடிபட்டுவிட்டால் 28+5, 58+5, 98+5 எல்லாமே ஒரே கணக்குதான் என்று தானாகவே தெரிந்துவிடும். அந்த நாளில் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

விரல் விடுவதைத் தடுக்காதீர்கள். எப்படி விடுகிறார்கள் என்று பாருங்கள். 8+5-க்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணி அப்புறம் ஐந்தை எண்ணினால் ஒரு நிலை. எட்டை மனதில் வைத்துக்கொண்டு ஒன்பது, பத்து என்று மேலே போனால் அது அடுத்த நிலை. 3+9 கேட்டால் புரட்டிப்போட்டு ஒன்பதிலிருந்து தொடங்கினால் இன்னும் ஒரு நிலை. விரல் தானாகவே ஒரு நாள் மேசைக்கு அடியில் போய்விடும், பிறகு காணாமலே போய்விடும். வலுக்கட்டாயமாக நிறுத்தினால் பிள்ளை ஊகித்துச் சொல்லத் தொடங்கும், அதைச் சரிசெய்வது இதைவிடக் கஷ்டம்.

வாய்ப்பாடு

வாய்ப்பாடு வேண்டுமா வேண்டாமா என்று வாதம் நடந்துகொண்டே இருக்கிறது. கண்டிப்பாக வேண்டும் என்பது என் முடிவு. வகுத்தல், பின்னம், பொதுக் காரணி எதைப் போடும்போதும் ஏழெட்டு எவ்வளவு என்று யோசிக்க நின்றால், எதற்காக அதைப் பெருக்கினோம் என்பதே மறந்துபோகும். ஆனால் ஒப்பிப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. "ஓரேழு ஏழு, ஈரேழு பதினான்கு, மூவேழு இருபத்தொன்று" என்று ராகமாக ஒப்பிக்கிற பிள்ளையிடம் எட்டேழு எவ்வளவு என்று நடுவிலிருந்து கேட்டுப் பாருங்கள். உதடு அசையும், ஓரேழிலிருந்து ஏறி வந்துதான் பதில் சொல்லும். ஒப்பிப்பது நல்ல தொடக்கம், அங்கேயே நின்றுவிடக் கூடாது.

பத்தாம் வாய்ப்பாடு வரை மொத்தம் 100 பெருக்கல் இருப்பது போலத் தெரிந்து பிள்ளை மலைத்துப்போகிறது. உட்கார்ந்து ஒவ்வொன்றாக அடித்துக் காட்டுங்கள். பத்துக்குப் பத்து கட்டம் போட்ட ஒரு தாள் எடுங்கள். மூவேழும் ஏழ்மூன்றும் ஒன்றுதான் என்பதால் பாதியை அடித்தால் 55 மிஞ்சும். ஒன்றாம் வாய்ப்பாட்டையும் பத்தாம் வாய்ப்பாட்டையும் அடித்தால் 36. இரண்டாம் வாய்ப்பாடு ஒரு எண்ணை அதே எண்ணோடு கூட்டுவதுதான், அதையும் அடித்தால் 28. ஐந்தாம் வாய்ப்பாடு எல்லாப் பிள்ளைக்கும் வரும், 21. ஒன்பதுக்கு, பத்தால் பெருக்கி ஒரு தடவை கழித்தால் போதும் (ஒன்பதேழு என்றால் 70-ல் 7 போக 63), அதையும் அடித்தால் 15. இதில் 3×3, 4×4, 6×6, 7×7, 8×8 என்ற ஐந்தும் சீக்கிரம் மனதில் தங்கும். கடைசியில் மிஞ்சுவது பத்தே பத்து: 3×4, 3×6, 3×7, 3×8, 4×6, 4×7, 4×8, 6×7, 6×8, 7×8. நூறு என்று பயந்த பிள்ளைக்குப் பத்துதான் பாக்கி என்று தன் கையால் அடித்துப் பார்க்கும்போது வருகிற தைரியத்தை வேறு எதுவும் கொடுக்காது.

இந்தப் பத்தையும் சிறிய அட்டைகளில் எழுதுங்கள், ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை. மூன்று டப்பா வையுங்கள். முதல் டப்பாவில் இருப்பதைத் தினமும் கேளுங்கள், சரியாகச் சொன்னால் அட்டை இரண்டாவது டப்பாவுக்குப் போகும், அதை இரண்டு நாளுக்கு ஒரு முறை, அங்கேயும் சரியென்றால் மூன்றாவதுக்கு, அதை வாரம் ஒரு முறை. எங்கே தவறினாலும் அட்டை முதல் டப்பாவுக்குத் திரும்பிவிடும். செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1972-ல் எழுதிப் பரவலான முறை இது. ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பிடிக்கும். அட்டையைத் திருப்பிப் பார்க்கும் முன் பிள்ளை விடையைச் சொல்லிவிட வேண்டும், அது முக்கியம். மறந்துபோன அட்டைக்குச் சும்மா விடையைச் சொல்லிவிடாமல் ஒரு வழி காட்டுங்கள்: நாலேழு மறந்தால் ஈரேழு பதினான்கு, அதை இரட்டித்தால் இருபத்தெட்டு. ஆறெட்டுக்கு மூவெட்டு இருபத்து நான்கை இரட்டியுங்கள். ஏழெட்டுக்கு 5, 6, 7, 8 என்று வரிசையாக எழுதி நடுவில் ஒரு சமன்குறி போட்டால் 56 = 7×8 என்று அதுவே நிற்கும்.

தப்பு வரும்போது

பத்து நிமிடத்தில் இதுதான் தங்கமான இடம். ஒரு நாள் என் மகள் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதினாள். முன்பெல்லாம் தப்பு என்று குறி போட்டு, கவனமாகப் போடு என்று சொல்லியிருப்பேன். அன்று ஒன்றும் சொல்லாமல் "இது எப்படி வந்தது, சொல்லேன்" என்று மட்டும் கேட்டேன். "ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் இரண்டு போனால் மூன்று" என்றாள், கொஞ்சமும் சந்தேகம் இல்லாமல். கவனக்குறைவே இல்லை. மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழிக்க வேண்டும் என்று அவளுக்குள் ஒரு விதி இருந்திருக்கிறது, அதை மிகவும் ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறாள். அந்த மாதிரி இன்னும் இருபது கணக்குக் கொடுத்திருந்தால் அந்தத் தவறான விதியில்தான் அவளுக்கு நல்ல பயிற்சி கிடைத்திருக்கும்.

ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்டன் என்ற இருவர் 1978-ல் பிள்ளைகளின் கழித்தல் தவறுகளை வகைவகையாகப் பிரித்து ஆராய்ந்து, அவற்றில் பல இப்படி ஒழுங்கான தவறுகள்தான் என்று காட்டினார்கள். அதனால் ஒரே மாதிரித் தப்பு இரண்டு தடவை வந்தால் நிறுத்திவிட்டு எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள்.

அன்றைக்குத் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. இதிலிருந்து 27 கொடு என்றேன். இரண்டு கட்டை உடனே கொடுத்தாள், ஏழு உதிரிக்குக் கை நின்றுவிட்டது, இரண்டுதானே இருக்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவள் தானாகவே ஒரு கட்டைப் பிரித்தாள். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து, மிச்சம் இரண்டு கட்டு, இருபத்தைந்து. "அப்போ அது தப்பா?" என்று தாளைப் பார்த்தாள். 35-ஐயும் 27-ஐயும் கூட்டிப் பார் என்றேன், 62 வந்தது. கழித்தலைக் கூட்டிச் சரிபார்க்கிற பழக்கம் அன்றிலிருந்து வந்ததுதான். "கடன் வாங்குவது" என்று சொல்வதைவிடக் "கட்டைப் பிரிப்பது" என்று சொல்வது எனக்கு நல்லதாகப் படுகிறது. கடன் என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, இங்கே யாரும் யாருக்கும் திருப்பிக் கொடுப்பதில்லை. இரண்டு வாரம் கழித்து 503-லிருந்து 267-ஐக் கழிக்கச் சொன்னபோது, ஒரு நூறைப் பிரித்துப் பத்துப் பத்துகளாக்கி, அதில் ஒரு பத்தைப் பிரித்து உதிரியாக்கி, குச்சி இல்லாமலே போட்டுவிட்டாள்.

கலந்து கொடுங்கள்

ஒரு வாரம் முழுக்கக் கழித்தல், அடுத்த வாரம் முழுக்கப் பெருக்கல் என்றால் பிள்ளை கேள்வியைப் படிக்கவே படிக்காது, எப்படியும் பெருக்கத்தானே வேண்டும். டக் ரோரர், கெல்லி டெய்லர் 2007-ல் வெளியிட்ட சோதனையில் கல்லூரி மாணவர்களைக் கன அளவு கண்டுபிடிக்கும் கணக்குகளைப் போடச் சொன்னார்கள். ஒரே வகையை அடுத்தடுத்துப் போட்டவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து போட்டவர்கள் 60 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால் முதல் குழு 20 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது, கலந்து போட்டவர்கள் 63-ல் நின்றார்கள். அதனால் புதிதாகப் பிடிபட்ட விஷயத்தை இரண்டு மூன்று நாள் தனியாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் பழையதோடு கலந்துவிடுங்கள். சரியான விடைகள் முதலில் கொஞ்சம் குறையும், கவலைப்படாதீர்கள்.

நடுநடுவே கேட்கச் சில கேள்விகள் உண்டு. 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள். நிறையப் பிள்ளைகள் 12 என்பார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமன்குறி என்றால் "விடை இதோ வருகிறது" என்று நினைத்துவிட்டார்கள், இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்ற பொருள் போய்ச் சேரவில்லை. தராசு படம் வரைந்து காட்டினால் 7 என்று வந்துவிடும். பெரிய பிள்ளை என்றால் மூன்றில் ஒன்று பெரியதா நான்கில் ஒன்று பெரியதா, 0.4 பெரியதா 0.35 பெரியதா என்று கேளுங்கள். பெருக்கத் தொடங்கும் முன் தோராயமாக எவ்வளவு வரும் என்றும் கேளுங்கள். 49×6 முந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு என்று முதலிலேயே சொல்லிவிட்ட பிள்ளை 2454 என்று எழுதிவிட்டுச் சும்மா இருக்காது.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள்

கேள்வி கேட்டதும் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் வகுப்பறைகளில் கவனித்துப் பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடி அளவுதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில் நீண்டது, "தெரியாது" என்பது குறைந்தது. வீட்டில் நாம் ஒரு நொடிகூட விடுவதில்லை, "சொல்லு, சொல்லு, நேற்றுதானே போட்டோம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். விடை சரியாக இருக்கும்போதும் எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். தப்பானால் மட்டும் கேட்டால், அந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொண்டு விடையை மாற்றிவிடும்.

"எனக்கும் சின்ன வயதில் கணக்கு வராது" என்று ஆறுதலுக்குக்கூடச் சொல்லாதீர்கள். முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், கணக்கென்றால் பதற்றப்படுகிற பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவிய வீடுகளில் பிள்ளைகள் அந்த ஆண்டு குறைவாகக் கற்றிருந்தார்கள், அவர்களுக்கும் கணக்குமேல் பயம் கூடியிருந்தது. உங்களுக்குப் பதற்றம் உண்டென்றால் பகடை, அட்டை, பலகை விளையாட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் பதற்றம் வர இடமில்லை. நிறுத்துகடிகாரம் வைத்து எத்தனை நொடி என்று பார்ப்பதும் விடைகள் நன்றாகப் பழகும் வரை வேண்டாம். அண்ணன் தம்பியோடு போட்டி எப்போதுமே வேண்டாம்.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இருபது நிமிடம் போட்டு ஈடுகட்ட நினைக்காதீர்கள், வழக்கமான பத்தே போதும். காய்ச்சல், பயணம் என்று ஒரு வாரம் விட்டால் இரண்டு நாள் பழையதை மட்டும் கேளுங்கள். அழுகை வந்துவிட்டால் அன்றைக்கு அங்கேயே முடித்துவிடலாம், ஆனால் முடிக்கும் முன் பிள்ளைக்கு நிச்சயம் வரக்கூடிய ஒரு கணக்கைக் கேட்டுவிட்டு எழுந்திருங்கள்.

மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்தும், எட்டு ஒன்பது வயதில் இரண்டு சின்ன எண்களில் எது பெரிது என்று சொல்லவே தடுமாறினால், நேற்று நன்றாகத் தெரிந்த 3+2 இன்று சுத்தமாகத் தெரியவில்லை என்றால், டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாடாக இருக்கலாம். நூறில் மூன்றிலிருந்து ஏழு பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். சோம்பலுக்கும் அறிவுக்கும் அதோடு சம்பந்தமே இல்லை. பள்ளி ஆசிரியரிடமும் குழந்தை உளவியலாளரிடமும் பேசிவிடுங்கள், பயிற்சியின் நேரத்தை மட்டும் கூட்டாதீர்கள்.

முதல் நாள் தேதி போட்டு எடுத்துவைத்த அந்த இருபது கணக்குத் தாள் இருக்கிறதல்லவா, மூன்று மாதம் கழித்து அதே கணக்குகளை வேறு தாளில் எழுதிக் கொடுங்கள். முடித்ததும் பழைய தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். எங்கே மாறியிருக்கிறது என்று பிள்ளையே விரல் வைத்துக் காட்டும். இன்னும் தடுமாறுகிற இரண்டு மூன்று இடங்களை உங்கள் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதத்தின் பத்து நிமிடங்களுக்கு அவை போதும்.